சிசோமோவின் கையெழுத்து

நம்பாலா, மலாவி
19 பெப்ரவரி 2025

ஜோசுவா,

இருபத்துமூன்று தடவை உனக்குப் போன் எடுத்தேன். நீ தூக்கவில்லை. இனி எடுக்கமாட்டேன், எழுதுகிறேன்.

நம் அமைப்பின் அலுவலக மெயிலுக்கு அனுப்பினால் ஜனார்த்தனும் லோயரும் வாசிப்பார்கள். அதனால் இது உன் சொந்த மெயிலுக்கு, தமிழில். நீ மன்னாரில் ஏழாம் வகுப்பு வரையும் நான் கிளிநொச்சியில் ஆறாம் வகுப்பு வரையும் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இங்கே கரண்ட் இருக்கும் நேரம் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன்.

நான் வந்து பதினொரு நாள். இரண்டு வருடமாக நீ இருந்த அறையில்தான் தங்கியிருக்கிறேன். உன்னுடைய வேலைச் சப்பாத்து கதவடியில் கிடக்கிறது.

சிசோமோவின் வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் போகிறேன். அவளுடைய தாயை எல்லோரும் அமாயி என்று கூப்பிடுகிறார்கள். அம்மா என்றுதான் அர்த்தமாம். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவர் எனக்குப் பாய் விரிப்பார். இருவரும் இருப்போம். அழுவேன் என்று நினைத்துத்தான் ரொறன்ரோவில் இருந்து புறப்பட்டேன். பையில் எட்டுக் கைலேஞ்சி வைத்திருந்தேன். ஒன்றும் இன்னும் மடிப்புக் குலையவில்லை.

ஜனவரி 27ஆம் திகதி திங்கட்கிழமை அவள் செத்தாள். செவ்வாய்க்கிழமை நீ விமானம் ஏறினாய். புதன்கிழமை அடக்கம். அவளோடு தண்ணீர்த் தாங்கி கட்டிய ஏழு பேரும் பெட்டியைத் தூக்கினார்களாம். எட்டாவது ஆளாக நீ வருவாய் என்று கொஞ்ச நேரம் பார்த்தார்களாம். ஜனார்த்தன்தான் உடனே திரும்பி வரச் சொல்லி ரிக்கெற் போட்டான், தெரியும். ஏறியது நீ.

இனி விஷயம். மாவட்ட அலுவலகத்தின் முதல் அறிக்கை போன வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியின் பீடம் நன்றாக இறுகுவதற்கு முன்னரே தண்ணீர் ஏற்றியதால் இடிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் ஏற்றலாம் என்று ஒப்புதல் கொடுத்தவர், கட்டுமானக் குழுத் தலைவி சிசோமோ. எங்கள் படிவத்தில் அவளுடைய கையெழுத்து இருக்கிறதாம். ஆகவே இறந்தவளே பொறுப்பு.

தலைமை ஆசிரியர் அதை அமாயிக்கு வாசித்துக் காட்டினார். அமாயி கேட்டு முடித்துவிட்டு, "என் மகள் அப்படிச் செய்யமாட்டாள்" என்றார்.

ஒரு கேள்விதான் ஜோசுவா. சிசோமோ அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்தாளா? வேறு எதற்கும் பதில் வேண்டாம்.

துர்க்கா


ஸ்ரௌவ்வில், கனடா
27 பெப்ரவரி 2025

துர்க்கா,

உன் கடிதம் வந்து எட்டு நாள். தினமும் திறந்து பார்த்தேன்.

இங்கே பனி. அப்பாவும் அம்மாவும் ஸ்காபரோவை விட்டு இந்த வீட்டுக்கு வந்தபோது நான் மலாவியில் இருந்தேன். எனக்கு இன்னும் இடம் பிடிபடவில்லை. தெரு முழுக்க ஒரே மாதிரி வீடுகள். போன கிழமை நடந்துவிட்டு வந்து வேறொருவரின் கதவில் திறப்பைப் போட்டுத் திருப்பிக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு சீனப் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு எழும்புகிறேன். அம்மா மேசையில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பார். சாப்பிடுகிறேன். என்ன கறி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறகு வாசலில் பனி வழிக்கிறேன். கார் விடும் இடம் முழுவதும் வழித்து முடிக்க, தொடங்கிய பக்கத்தில் மறுபடி கொட்டியிருக்கும். திரும்பப் போய்த் தொடங்குவேன். நாளில் அந்த ஒரு மணித்தியாலம்தான் பரவாயில்லை.

அப்பா அஜக்ஸ் கிடங்கில் வேலை முடிந்து வந்தவுடன் என் அறை வாசலில் நிற்பார்.

"தம்பி, அது அக்சிடென்ற். நீ ஏன் உன்னை வருத்துறாய்?"

"ஓம் அப்பா."

"வெளிக்கிட்டு எங்கையாவது போயிட்டு வாவன்."

"ஓம்."

நான் வருத்தவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு ஒன்றும் நோகவில்லை துர்க்கா. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்துப் பார்ப்போமே, அப்படி அவளுடைய பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஜனார்த்தன் வந்தான். லோயர் எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தான். அதில் இரண்டு வசனம்தான். 'முதல் மழை' அமைப்பின் நடைமுறைப்படி ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் குழுத் தலைவி. இடிந்தபோது நான் அந்த இடத்தில் இல்லை. "நீ வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லை மச்சான். மார்ச் இருபத்தொண்டுக்கு முதல் இதில சைன் வச்சாக் காணும். மிச்சத்தை லோயர் பாப்பார்" என்றான். இரண்டு வசனமும் பொய் இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

உன் கேள்வியைப் பார்த்தேன்.

அந்தச் சப்பாத்தை யாருக்கும் அளவாக இருந்தால் கொடுத்துவிடு.

ஜோசுவா


நம்பாலா
8 மார்ச் 2025

ஜோசுவா,

பனி வழிப்பதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். என் கேள்விக்கு மூன்று சொல்.

உனக்குத் தெரியாதவற்றைச் சொல்கிறேன். சிசோமோவின் குழுவை இப்போது ஒருவரும் வளவுக்குள் விடுவதில்லை. இரண்டு வீடுகளில் பாதி கட்டிய தாங்கி அப்படியே நிற்கிறது. பெண் கட்டினால் இப்படித்தான் விழும் என்று சந்தையில் கதைக்கிறார்கள். குழுவில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்களே, அவர்களில் ஒருத்தியைத் தகப்பன் மறித்துவிட்டார். மற்றவள் தோக்கோ. அவள் மட்டும் ஒவ்வொரு காலையும் சாந்துக் கரண்டியும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, இடிந்த கல்லுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகிறாள். வேலைக்குப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறாளாம்.

நாம் மூன்று பேரும் யூனிவர்சிற்றியில் இருந்தபோது இதைத் தொடங்கியது உனக்கு நினைவிருக்கும். ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் எத்தனை பள்ளிக்கூட மேடையில் ஒரே பேச்சைப் பேசியிருக்கிறேன்! அந்த ஊர் இளைஞருக்கே கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் தாங்கி கட்டப் பழக்குவோம், அவர்கள் நாலு வீட்டுக்குக் கட்டி விற்றால் ஐந்தாவது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சும்மா கிடைக்கும், முடிவுகள் எல்லாம் அவர்களுடையவை. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது எப்போதும் கை தட்டுவார்கள். சிசோமோவின் படம் பின்னால் திரையில் நிற்கும்.

இனி என்னுடையது. ஜனவரி 21ஆம் திகதி நான் உனக்கு அனுப்பிய மெசேஜ் இப்போதும் போனில் இருக்கிறது. "சனிக்கிழமை காலை மார்க்கத்தில் நானூறு பிள்ளைகள் ஜிம்மில் இருந்து வீடியோவில் நேரடியாகப் பார்ப்பார்கள். பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும். தயவுசெய்து, எப்படியாவது." அதை எழுதியது நான். எப்படியாவது என்றால் எப்படி என்று நான் யோசிக்கவில்லை. நீ ஓம் என்று ஒரு பெருவிரல் அடையாளம் அனுப்பினாய். நான் நிம்மதியாக நகம் வெட்டப் போனேன். அன்றைக்கு நகம் வெட்டியது ஏன் நினைவில் இருக்கிறது என்று தெரியவில்லை.

என்னுடையதை உன் தலையில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அமாயி நேற்று ஒன்று சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை மாலை சிசோமோ சாப்பிடாமல் இருந்தாளாம். என்ன என்று கேட்டதற்கு, "இன்னும் ஆகவில்லை, அவர்களுக்குக் கேட்கவில்லை" என்றாளாம்.

யாருக்குக் கேட்கவில்லை?

துர்க்கா


ஸ்ரௌவ்வில்
16 மார்ச் 2025

துர்க்கா,

எனக்கு.

எழுதுகிறேன். பார்த்து எழுதுவதுபோல் வருகிறது. நீ வாசிக்கும்போது அதை நினைத்துக் கோபப்படாதே.

பீடத்தின் மேல் கொங்கிரீட் போட்டது ஜனவரி 14. போட்டு இரண்டு மணித்தியாலத்தில் மழை கொட்டியது. படங்கு போட்டு மூடினோம், ஒரு மூலையில் தண்ணீர் உள்ளே போய்விட்டது. சிசோமோ அந்த மூலையைப் பார்த்து, மற்றவற்றுக்கு இரண்டு கிழமை என்றால் இதற்கு இன்னும் கூட வேண்டும் என்றாள். நானும் சரி என்றேன். உன் மெசேஜ் அதற்குப் பிறகுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை, 24ஆம் திகதி, மத்தியானம். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம், உனக்குத் தெரியும். தமிழில் எழுதுகிறேன். அவள் கரண்டிப் பிடியால் பீடத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டு வந்தாள். அந்த மூலையில் நின்றாள்.

"இங்கே சத்தம் வேறு. இன்னும் பத்து நாள் விடு."

"பாதி மட்டும் ஏற்றுவோம். ஒரு நாளைக்கு."

"பாதித் தண்ணீருக்குப் பாரம் இல்லையா?"

நான் போனைக் காட்டினேன். நானூறு பிள்ளைகள் என்றேன். அவர்களுக்கு அவள் யார் என்று தெரியும், அவளைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றேன்.

"அவர்களுக்கு அடுத்த மாதம் கண் தெரியாமல் போய்விடுமா?"

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நான் பொறியியலாளர், முடிவு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு வருடத்தில் ஒருநாளும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். அவள் கரண்டியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

படிவத்தில் தலைவியின் பெட்டியில் அவளுடைய பெயரை நான்தான் எழுதினேன். அவள் வேறு ஊரில் வேலையாக இருக்கும்போது போனில் கேட்டுவிட்டு முன்னரும் அப்படி எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும்.

கூரைக் குழாயை இணைத்தோம். அன்று பெய்த மழையில் பாதி நிறைந்தது. சனிக்கிழமை அவள் வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். நான் கேட்டுக்கொண்டதால் பைப் அடியில் நின்று உங்களைப் பார்த்துக் கையசைத்தாள். நீங்கள் கை தட்டியது அங்கே போனில் கேட்டது. முடிந்தவுடன் குழாயைக் கழற்றி வைக்கவேண்டும் என்று எனக்கு நினைவிருந்தது. வீடியோவை உனக்கு அனுப்ப நெற்வேர்க் தேடி அவசரமாக ரவுனுக்குப் போனேன். ஞாயிறு முழுவதும் மழை. நான் ஹோட்டலில் படுத்திருந்து வீடியோவுக்குக் கீழே ஆட்கள் எழுதியவற்றை வாசித்துக்கொண்டிருந்தேன்.

குழாய் கழற்றவில்லை. தாங்கி நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னர், அவள் தனியாகத் தண்ணீரைத் திறந்துவிடப் போயிருக்கிறாள். அடிக் குழாயின் மூடி பீடத்துக்குக் கீழே, அந்த மூலையில்தான். குனிந்திருக்கும்போது பீடம் இடிந்து தாங்கி அவள்மேல் இறங்கிவிட்டது. தோக்கோ வந்து பார்த்தபோது மூடி சிசோமோவின் கையில் இருந்ததாம்.

இதுதான். இடிந்தபோது நான் அங்கே இல்லை என்பது உண்மைதான், பார்த்தாயா?

இதை மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தால் எனக்குப் பொறியியலாளர் உரிமம் கிடைக்காது. அங்கே வழக்கும் வரலாம். வெள்ளிக்கிழமைக்குள் ஜனார்த்தன் கொண்டுவந்த பக்கத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். நான் என்ன செய்யட்டும்? நீ சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

ஜோசுவா


நம்பாலா
18 மார்ச் 2025

ஜோசுவா,

சொல்லமாட்டேன்.

நான் 'எப்படியாவது' என்று சொன்னதை நீ செய்தாய். இப்போது மறுபடி நான் ஒன்று சொல்லி நீ அதைச் செய்தால் இரண்டு பேருக்கும் சுகமாக இருக்கும். வேண்டாம்.

உன் கடிதத்தை அமாயிக்கு நான் காட்டவில்லை. இன்றைக்கும் போய் அவரோடு பாயில் இருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தேன். அவர் எனக்கு ஒரு சோளம் சுட்டுத் தந்தார். தின்றேன். கடைசிக் கொட்டை வரை தின்றேன் ஜோசுவா. என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது, அது இன்றோடு இல்லை.

என்னுடைய மெசேஜை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். திகதியும் நேரமும் தெரியக்கூடியதாகப் படம் எடுத்து, கீழே என் பெயரை எழுதிக் கொடுத்தேன். பிறகு ஜனார்த்தனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"துர்க்கா, மற்றப் பதினொரு பள்ளிக்கூடத்திலயும் பிள்ளையள் அந்தத் தண்ணியத்தான் குடிக்குதுகள். எங்களை நிப்பாட்டினா அதுகளை ஆர் திருத்துறது? ஆர் பாக்கிறது?"

"தெரியாது."

"தெரியாமலே செய்திட்டாய்?"

"ஓம்."

"சிசோமோ செத்திட்டாள். அவளுக்கு இனி ஒண்டும் நடக்காது. அந்தப் பிள்ளையளுக்கு நடக்கும்."

அவன் சொல்வதில் எதுவும் பிழை இல்லை. அதனால்தான் போனை வைத்த பிறகும் அப்படியே இருந்தேன். ஆனால் அவளுக்கு ஒன்றும் நடக்காது என்பது சரியில்லை. இங்கே தினமும் நடக்கிறது. சந்தையில், பள்ளிக்கூட வாசலில், தோக்கோவின் வீட்டில்.

வெள்ளிக்கிழமை நீ எதில் கையெழுத்து வைத்தாலும் எனக்கு எழுது. எதையும் வைக்காவிட்டாலும் எழுது.

துர்க்கா


ஸ்ரௌவ்வில்
4 ஏப்ரல் 2025

துர்க்கா,

ஜனார்த்தன் கொண்டுவந்த பக்கத்தில் கையெழுத்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவன் ஆறு தடவை எடுத்தான். தூக்கவில்லை. அதை வீரம் என்று நினைக்காதே. எனக்குப் போன் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கிழமைதான் எழுதத் தொடங்கினேன். உனக்குத் தமிழில் எழுதியதையே ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டரைப் பக்கம். எழுதி முடித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றி, மற்றதைக் கழற்றாமல் படியில் இருந்துவிட்டார்.

"உதை எழுதச் சொல்லி ஆர் சொன்னது? துர்க்காவோ?"

"இல்லை. அவள் ஒண்டும் சொல்லமாட்டன் எண்டிட்டாள்."

"தம்பி, பதின்மூண்டு வருசம் நான் உந்தக் கிடங்கில பெட்டி தூக்கினது நீ எஞ்சினியரா வாறதுக்கு. உனக்கு விளங்குதே?"

"விளங்குது அப்பா."

"செத்த பிள்ளை செத்திட்டுது. இனி என்னத்தை எழுதினாலும் அது எழும்பி வருமே?"

"அவளின்ர அம்மா இருக்கிறா அப்பா. மகள்தான் பிழை எண்டு எழுதி வச்சிருக்கினம்."

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றிவிட்டு உள்ளே போனார். நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டார்.

சத்தியக் கடதாசிக்கு நேரில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். நான் இன்னும் கார் ஓட்டுவதில்லை, இங்கே இருந்து ஸ்காபரோவுக்குப் பஸ் பிடித்துப் போவதென்றால் அரை நாள். ஐந்தாம் நாள் காலை அப்பா வாசலில் காரை ஸ்ரார்ட் பண்ணி வைத்திருந்தார். வேலைக்கு லீவு போட்டிருந்தார். பிளாசாவில் காரை விட்டார், தான் இறங்கவில்லை.

நோட்டரி ரதி அன்ரி என்று ஒருவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"தம்பி, இதில முழுக்க உங்களுக்குப் பாதகமாத்தான் கிடக்கு. விளங்கித்தான் வைக்கிறீங்களோ?"

"ஓம்."

"ஆரும் கட்டாயப்படுத்தேல்லையே?"

"இல்லை அன்ரி."

அவர் இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்தார். அழுகிறேனா என்று பார்த்திருக்கலாம். பிறகு பேனையைத் தந்தார். என் பெயரை எழுதினேன்.

மாவட்ட அலுவலகத்துக்கும் ஜனார்த்தனுக்கும் அனுப்பிவிட்டேன். உரிமத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்திலும் இதைச் சேர்த்திருக்கிறேன். ஜனார்த்தன் ஒரு வரி எழுதினான்: "நீங்கள் இரண்டு பேரும் சுத்தமாகிவிட்டீர்கள், வாழ்த்துகள்." அவன் இனி என்னோடு கதைக்கமாட்டான். பதினொரு பள்ளிக்கூடத்தையும் அவன் ஒருவன்தான் இப்போது யோசிக்கிறான் என்பதும் உண்மை.

பாரம் இறங்கியதா என்று நீ கேட்பாய். இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தேன். எல்லாம் முன்போலத்தான்.

அமாயிக்கு வாசித்துக் காட்டு. ஒன்றையும் விடாதே.

ஜோசுவா


நம்பாலா
27 ஏப்ரல் 2025

ஜோசுவா,

வாசித்தோம். நான் ஆங்கிலத்தில் ஒரு வசனம் வாசிக்க, தோக்கோ அவர்களுடைய மொழியில் சொன்னாள். அமாயியும் அவருடைய சகோதரியும் இருந்தார்கள். "நான் பொறியியலாளர், முடிவு என்னுடையது" என்ற இடத்தில் தோக்கோ நிறுத்திவிட்டு, தனக்கு அது நினைவிருப்பதாகவும் தானும் அப்போது பேசாமல் நின்றதாகவும் அமாயியிடம் சொன்னாள். அமாயி தலையை ஆட்டினார். தொடரச் சொன்னார்.

முடிந்ததும் ஒரு வசனத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். "சிசோமோ பத்து நாள் பொறுக்கச் சொன்னாள்" என்ற வசனம். வாசித்தோம். மறுபடி கேட்டார். நாலு தடவை வாசித்தோம். பிறகு எழும்பிக் கோழிகளுக்குத் தானியம் போடப் போனார். சகோதரிதான் அழுதார். நான் இல்லை.

இரண்டாவது அறிக்கை போன புதன்கிழமை வந்தது. சிசோமோவின் பெயரை எடுத்துவிட்டார்கள். அவள் எச்சரித்தும் அமைப்பு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் அதைக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். முதல் மழை இனி இந்த மாவட்டத்தில் கட்ட முடியாது. உன்னையும் என்னையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், எப்போது என்று தெரியாது.

குழு மறுபடி கூடியது. மறித்து வைத்திருந்த பெண்ணும் வந்தாள். எங்கள் பெயர் வேண்டாம், தாங்கி அச்சும் வேலை ஆயுதங்களும் வரைபடங்களும் வேண்டும் என்றார்கள். கொடுத்துவிட்டேன். மற்றப் பதினொரு தாங்கிகளையும் தாங்களே போய்ப் பார்ப்பார்களாம். அதை ஜனார்த்தனுக்கு எழுதினேன். "நல்லது" என்று பதில் வந்தது. பழைய ஜனார்த்தன் மாதிரி ஒரு சொல்.

நாளை மறுநாள் புறப்படுகிறேன். இன்றைக்கு அமாயியிடம் சொல்லப் போனேன். உனக்கு ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். மன்னித்தேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ தெரியவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை. உன்னை இங்கே வரவேண்டாம் என்றார். தன்னால் உன் முகத்தைப் பார்க்க முடியாது என்றார்.

பிறகு தோக்கோவைப் பக்கத்தில் கூப்பிட்டு மெல்லச் சொன்னார். தோக்கோ சொன்னபடியே எழுதுகிறேன்: "அவள் விடியப் போவாள், பொழுதுபட வருவாள். களைத்துப்போய் வருவாள், கதைக்கமாட்டாள். இரண்டு வருடப் பகல்கள் என்னிடம் இல்லை. அவனிடம் இருக்கின்றன. எழுதி அனுப்பச் சொல். நல்லது கெட்டது பார்க்கவேண்டாம். என்ன செய்தாள், என்ன சொன்னாள், என்ன தின்றாள், எல்லாம்."

துர்க்கா


ஸ்ரௌவ்வில்
11 மே 2025

துர்க்கா,

நீ ரொறன்ரோவுக்கு வந்துவிட்டாய் என்று உன் அம்மா என் அம்மாவிடம் சொன்னார். வந்து பார்க்க இன்னும் முடியவில்லை. நீயும் வரவேண்டாம். இதைத் தோக்கோவுக்கு அனுப்பிவிடு. ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம் எழுதிவிட்டேன், முடியவில்லை. தினமும் பனி வழித்த நேரத்தில் இப்போது இதை எழுதுகிறேன். அதில் இருப்பதைக் கொஞ்சம் உனக்கும் சொல்கிறேன்.

அவள் மத்தியானம் சோளமாக் களியைக் கிண்ணம் பார்க்காமல் தின்பாள். தன்னுடையது முடிந்தவுடன் என்னுடையதைப் பார்ப்பாள். நான் தள்ளிவைப்பேன். குழைத்த சாந்து கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் கேட்காமல் கொட்டிவிடுவாள். முதல் மாதம் அதற்காக நாங்கள் சண்டை பிடித்தோம். பச்சோந்திக்குப் பயம். ஒருநாள் சாரக்கட்டில் ஒன்று ஏறி நிற்க, மேலே இருந்து குதித்து ரோட்டுவரை ஓடிவிட்டாள். தோக்கோ அதைத் தடியில் எடுத்துக்கொண்டு வயலுக்கு அப்பால் விட்டுவிட்டு வரும்வரை திரும்பி வரவில்லை. வீட்டில் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அதையும் எழுதியிருக்கிறேன்.

முதலாவது தாங்கி கட்டி முடித்த அன்று வெறும் தாங்கிக்குள் இறங்கிப் பாடினாள். எதிரொலி பெரிதாகக் கேட்டது. என்னையும் இறங்கிப் பாடச் சொன்னாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மன்னாரில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோயிலில் பாடின ஒரு மாதா பாட்டு இரண்டு வரிதான் வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சாந்து குழைக்கும்போதெல்லாம் அதே இரண்டு வரி, தமிழை எல்லாம் நொருக்கி. மூன்றாவது வரி என்ன என்று எத்தனையோ தடவை கேட்டாள். மறந்துபோச்சு என்றேன். யாரிடமாவது கேட்டுச் சொல் என்றாள். சரி என்றேன், கேட்கவில்லை.

நேற்று அப்பா என்னை ஸ்காபரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அம்மாவுக்கு ஒரு சாமான் வாங்க. வழியில் கேட்டேன்.

"அப்பா, உந்தப் பாட்டில மூண்டாவது வரி என்ன?"

"எந்தப் பாட்டு?"

இரண்டு வரியையும் பாடிக் காட்டினேன். பாடும்போது அவளுடைய பிழைகளோடுதான் வந்தது. அப்பா திருத்தவில்லை. ஏன் கேட்கிறாய் என்றார். சொன்னேன். அவர் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு, ஒரு டோனற் கடை வாசலில் காரைத் திருப்பி நிறுத்தினார். கையை ஸ்ரியரிங்கில் வைத்தபடி முழுப் பாட்டையும் பாடினார். அப்பாவுக்குக் குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்தி, நான் எழுதி முடித்தேனா என்று பார்த்துப் பார்த்துப் பாடினார். பேனை நடுவில் எழுதாமல் போய்விட்டது. கடதாசி நனைந்ததில்தான் என்று பிறகுதான் விளங்கியது.

அமாயியிடம் தோக்கோவைக் கேட்கச் சொல். வீட்டில் எப்போதாவது சிசோமோ விளங்காத ஒரு பாட்டை முணுமுணுத்தாளா என்று. முணுமுணுத்திருந்தால் அது இதுதான். மூன்றாவது வரியை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதிக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜோசுவா